கலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஓர் இலத்தீன் சொல்

பள்ளிக்கூடத்தை விட்டு விலகியபோது அதிபர் எனக்கு ஒரு நற்சான்றிதழ் தந்தார். அரைப்பக்கம், தட்டச்சில் அடித்த ஆங்கிலம். அதில் ஒரேயொரு சொல்லைத் தவிர மற்றதெல்லாம் எனக்கு விளங்கியது. அந்தச் சொல் அஸிடியுவஸ். நான் படிப்பில் அஸிடியுவஸ் ஆனவள் என்று அந்த மனிதர் கையொப்பமிட்டு முத்திரையும் குத்தியிருந்தார்.

அப்போதே அவரிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. எங்கள் ஒழுங்கையில் எந்த வீட்டுக்குத் தந்தி வந்தாலும் மருந்துத் துண்டு வந்தாலும் என்னிடம்தான் கொண்டுவருவார்கள். ஆங்கிலம் படித்த பிள்ளை என்று ஊர் தூக்கி வைத்திருந்த தலைக்கனம் எனக்கு நிறைய இருந்தது. என்னைப் பற்றி எழுதியதே எனக்கு விளங்கவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. சான்றிதழை மடித்துப் பெட்டியின் அடியில் வைத்தேன்.

நிந்தவூரில் பெண்பிள்ளைக்குக் கலியாணம் என்றால் முதலில் வீடு கட்ட வேண்டும். மாப்பிள்ளை அந்த வீட்டுக்குத்தான் குடிவருவார். என் வாப்பா கட்டித் தந்த வீட்டுக்கு என் கணவரும் அப்படித்தான் ஒரு டிரங்குப் பெட்டியோடும் சைக்கிளோடும் வந்தார். வயற்காரர். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவர், ஆனால் எதையும் துருவித் துருவிக் கேட்கிற ஆள். பெட்டியில் சான்றிதழைக் கண்டெடுத்து, எழுத்துக் கூட்டி வாசித்து, சரியாக அந்தச் சொல்லில் விரலை வைத்து இது என்ன என்று கேட்டார். நல்லவள் என்று அர்த்தம் என்றேன். அவர் சிரித்தார். அதற்கு இவ்வளவு நீளச் சொல்லா என்று கேட்டார்.

எழுபத்தெட்டுச் சூறாவளி அடித்துப் போன பிறகு கல்முனைக் கடைத்தெருவில் நனைந்த சாமான்களை வெயிலில் பரப்பி வைத்திருந்தார்கள். அவர் உர மூட்டை பார்க்கப் போனவர், சைக்கிள் கரியரில் சாக்கால் சுற்றி ஒரு தடித்த புத்தகத்தைக் கட்டிக்கொண்டு வந்தார். ஆங்கில அகராதி. தண்ணீர் குடித்து இரண்டு மடங்கு ஊதியிருந்தது.

"இதுக்குள்ள உன்ட சொல்லு இரிக்கும்" என்றார்.

இருந்தது உண்மைதான். ஆனால் ஆங்கிலத்தின் முதலெழுத்துச் சொற்கள் எல்லாம் சேர்ந்து செங்கல் போல் ஒட்டிக் கிடந்தன. ஒரு தாளைப் பிரித்தால் மற்றது கிழிந்தது. இரண்டாம் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை வாசிக்கலாம், என் சொல் மட்டும் செங்கலுக்குள். அவசரமில்லை, ஆறுதலாகப் பிரிக்கலாம் என்று அவர் அதை அலுமாரிக்கு மேல் வைத்தார். அடுத்த ஐந்தாறு மாதத்தில் ஆங்கில ஆசிரியர் வேலைக்கு விண்ணப்பம் கேட்டு பேப்பரில் விளம்பரம் வந்தது. நான் தயங்கத் தயங்க, என்னை எழுத வைத்து, பதிவுத் தபாலில் போட்டுவிட்டு வந்தவரும் அவர்தான்.

பிறகு அவருக்கு மஞ்சள்காமாலை கண்டது.

கல்முனை ஆஸ்பத்திரியில் பதினொரு நாள். இரவில் வாப்பா நிற்பார், பகல் முழுக்க நான். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு மர ஸ்டூல். அதில் உட்கார்ந்திருந்து விசிறினேன், இளநீர் பருக்கினேன், சும்மாவும் இருந்தேன். மாமி, அவரைப் பெற்றவர், முதல் நாள் வந்து மகனின் கண் மஞ்சளைப் பார்த்தவுடன் மயங்கி விழுந்தார். அதற்குப் பிறகு அவரை வர வேண்டாம் என்று எல்லோரும் சொன்னார்கள். அவர் வீட்டில் முஸல்லாவை, அந்தத் தொழுகைப் பாயை, விட்டு எழும்பவில்லையாம். ரஜப் மாதத்துத் தலைப்பிறை கண்டு, விடிய சுபஹுக்கு முன் என் கணவர் போய்விட்டார்.

இத்தா இருப்பது என்று எங்களில் சொல்வோம். கணவன் மௌத்தாகிவிட்டால் நாலு மாதமும் பத்து நாளும் பெண் வீட்டோடு இருக்க வேண்டும். வெள்ளைச் சேலை, நகை இல்லை, பூ இல்லை, அந்நிய ஆண்களின் முன்னால் வருவதில்லை. என் அறை வாசலில் உம்மா ஒரு திரையைக் கட்டினார். அவருடைய மையத்தை அடக்கிவிட்டு வந்த வாப்பா, ஹாலில் தொங்கிய நாட்கலண்டரை இறக்கி, மாதங்களைத் தள்ளி எண்ணி, ஒரு ஞாயிற்றுக்கிழமைத் தாளில் சிவப்பு மையால் வட்டம் போட்டு மூலையை மடித்து வைத்தார். அது வரைக்கும் என்று உம்மாவிடம் சொன்னார். அன்றிலிருந்து அந்த வட்டம்தான் எங்கள் வீட்டுச் சட்டம்.

ஒவ்வொரு நாள் காலையும் உம்மா அன்றைய தாளைக் கிழித்து எனக்குக் கொண்டுவந்து தருவார். இன்னும் ஒரு நாள் குறைகிறது என்று எனக்குக் காட்டுவதற்காக. நான் அந்தத் தாளின் வெறும் பின்பக்கத்தைப் பார்த்தேன். பென்சிலைக் கேட்டு வாங்கினேன். அகராதியையும் அலுமாரிக்கு மேலிருந்து இறக்கச் சொன்னேன்.

அந்த வேலையைத் தொடங்கியதற்கு அறிவுத் தாகம் ஒன்றும் காரணமில்லை. அழுதால் நிறுத்த முடியாமல் போய்விடுமோ என்று எனக்குப் பயமாக இருந்தது. அதனால் கைக்கு ஒரு வேலை கொடுத்தேன். தென்னை ஈர்க்கில் ஒன்றை மெல்லியதாகச் சீவி, ஒட்டிய தாள்களின் விளிம்பில் நுழைத்து, ஒரு நாளைக்கு ஒரு தாள் என்று பிரித்தேன். ஈர்க்கில் சற்று அவசரப்பட்டாலும் எழுத்து உரிந்து வந்துவிடும். கச்சான் காற்று அனலாக வீசுகிற மாதங்கள். காற்றில் தாள் பறக்காமல் குனிந்து இருந்து பிரித்தேன். பிரிந்த தாளில் தெரியாத சொல் ஒன்றைக் கலண்டர் தாளின் பின்னால் எழுதி, அதன் பொருளையும் எழுதி, தலையணைக்குக் கீழே அடுக்கினேன். உம்மா பார்த்துவிட்டு எனக்கு மூளை குழம்புகிறதோ என்று வாப்பாவிடம் கேட்டதாகப் பிறகு அறிந்தேன்.

நோன்பு மாதம் வந்தது. அந்த வருடம் இருபத்தொன்பதில் பிறை தெரிந்து பெருநாள் வந்துவிட்டது. பெருநாளன்று காலை பள்ளிவாசலிலிருந்து தக்பீர் சத்தம் கேட்க, நான் திரைக்குப் பின்னால் வெள்ளைச் சேலையோடு ஈர்க்கிலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். போன பெருநாளைக்கு அவர் கொண்டுவந்த சேலை பெட்டிக்குள் கிடந்தது. அன்றைக்குப் பிரிந்த தாளில்தான் என் சொல் இருந்தது.

அஸிடியுவஸ்: விடாமல் ஒன்றில் ஈடுபடுகிற, அயராத. அதற்குப் பிறகு சின்ன எழுத்தில், இலத்தீனிலிருந்து வந்தது என்று போட்டு, மூலச்சொல்லும் அதன் பொருளும் இருந்தன. அஸ்ஸிதேரே, பக்கத்தில் உட்கார்தல்.

நான் அதைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். உழைப்பு, முயற்சி என்று ஏதோ வரும் என்று நினைத்திருந்த எனக்கு ஒரு ஸ்டூல்தான் கண்ணுக்கு முன்னால் வந்தது. இரண்டாயிரம் வருடத்துக்கு முன் இத்தாலி நாட்டில் எவரோ ஒருவர் நோயாளிக்குப் பக்கத்திலோ, நெருப்புக்குப் பக்கத்திலோ எழும்பாமல் இருந்திருக்கிறார். அதைப் பார்த்தவர்கள் அயராத ஆளுக்கு அதையே பெயராக வைத்துவிட்டார்கள். ஓடுவதிலிருந்தோ தூக்குவதிலிருந்தோ அவர்கள் அந்தச் சொல்லை எடுக்கவில்லை. எடுத்தது உட்காருவதிலிருந்து.

அதற்குப் பிறகு எனக்குப் பித்துப் பிடித்தது. உட்காருவதற்கு அவர்கள் வைத்திருந்த செதேரே என்ற சொல்லின் பிள்ளைகுட்டிகளை எல்லாம் அகராதி முழுக்கத் தேடினேன். நாட்டுக்குப் புதிதாக வந்திருந்த ஜனாதிபதிப் பதவியின் ஆங்கிலப் பெயர் முன்னால் உட்கார்பவர் என்ற பொருளில் வந்தது. கலகக்காரனைக் குறிக்கிற டிசிடென்ட், விலகி உட்கார்ந்தவன். ஆற்றுத் தண்ணீரின் அடியில் உட்காருகிற வண்டலுக்கும் அதே வேர். இன்ஸிடியஸ் என்றொரு சொல் அகப்பட்டது. ஒருவனை வீழ்த்தப் பதுங்கி உட்கார்ந்திருப்பதிலிருந்து வந்தது, நயவஞ்சகம் என்று பொருள். ஒரே உட்காருதல்தான். பக்கத்தில் உட்கார்ந்தால் ஒரு பெயர், பதுங்கி உட்கார்ந்தால் இன்னொரு பெயர்.

பதுங்கி உட்காருகிறவர்கள் எங்கள் ஹாலிலும் இருந்தார்கள். துக்கம் கேட்க வருகிற சாட்டில் வந்து, தேநீர் குடித்து, மெல்ல என் அடுத்த கலியாணத்தைப் பேசினார்கள். சம்மாந்துறையில் ஒரு ஆள் இருக்கிறாராம், மனைவி மௌத்தாம், இரண்டு பிள்ளையாம், வீட்டோடு பெண் கிடைத்தால் உடனே முடிப்பாராம். திரைக்கு இந்தப் பக்கம் காது இருக்கிறது என்ற நினைப்பே அவர்களுக்கு இல்லை. எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. வாப்பா ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அவர் பேசாமலிருந்ததுதான் எனக்குப் பயத்தைத் தந்தது. எனக்கென்று ஒரு வேலை இல்லாவிட்டால், வட்டம் போட்ட ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த நாள் நான் ஒரு கதைக்குள் தள்ளப்படுவேன் என்று நிச்சயமாகத் தெரிந்தது. என் கணவர் தபாலில் போட்ட விண்ணப்பம் ஒன்றுதான் எனக்கு இருந்த வழி.

கடிதம் வந்தது. அம்பாறையில் வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு நேர்முகப் பரீட்சை. வராதவர்களுக்கு வேறு திகதி தரப்படமாட்டாது.

உம்மாவிடம் கலண்டரை முழுதாகக் கழற்றிக் கொண்டுவரச் சொன்னேன். அந்த வியாழன், சிவப்பு வட்டத்துக்கு மூன்று நாள் முந்தி இருந்தது. உம்மா தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனார்.

அன்று பகல் முழுக்க, திகதியை மாற்றித் தரும்படி கேட்டு ஆங்கிலத்தில் கடிதம் எழுதிப் பார்த்தேன். மூன்று தரம் எழுதி மூன்று தரமும் கிழித்தேன். இத்தாவை அவர்களுக்கு எப்படி விளங்கவைப்பது? நான் விடாமுயற்சி உள்ளவள் என்றாவது ஒரு வரி சேர்ப்போம் என்று, அஸிடியுவஸ் எழுதிய தாளைத் தேடி எடுத்தேன். எடுத்தபோது அதன் முன்பக்கம் மேலே வந்தது. பெரிய எழுத்தில் ஆங்கிலத் திகதி. அதற்குக் கீழே, நோன்பு மாதத்தைத் தவிர எவரும் பார்க்காத சின்ன எழுத்தில், ஷவ்வால் பிறை ஒன்று.

பெருநாள். இருபத்தொன்பது நோன்போடு முடிந்த மாதம். அப்படியானால் வாப்பாவின் வட்டம் எந்த மாதத்தை எண்ணிப் போட்டது?

அடுக்கியிருந்த தாள்களை எல்லாம் கட்டிலில் முன்பக்கம் தெரியப் பரப்பினேன். ரஜப் பிறை ஒன்றில் அவர் போனார். நாலு பிறை முடிந்து ஐந்தாம் மாதத்தில் பத்து. அது வியாழனுக்கு முந்திய செவ்வாய்க்கிழமை. சிவப்பு வட்டத்துத் தாளின் அடியில் பிறை பதினைந்து என்று அச்சாகி இருந்தது. ஐந்து நாள் கூட.

வாப்பா எப்படி எண்ணினார் என்று எனக்கு உடனே விளங்கியது. நெல்லை எண்ணுவது போல எண்ணியிருக்கிறார். நாலு மாத நெல், மூன்றரை மாத நெல் என்று விதைத்த திகதியிலிருந்து அறுவடைக்கு வட்டம் போடுவது அவருடைய வாழ்நாள் பழக்கம். அதற்கு இங்கிலீஷ் மாதம்தான். நோன்புக்கும் பெருநாளுக்கும் பிறை, வயலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் பஸ்ஸுக்கும் இங்கிலீஷ் மாதம். இரண்டு கணக்கிலும் எங்கள் ஊர் பிசகியதில்லை. அன்றைக்கு மகளின் கணவரை மண்ணில் வைத்துவிட்டு வந்த கை, பழகிய கணக்கில் போய்விட்டது. நூற்றுப்பதினைந்து நாளுக்கு மேல் எவரும் அதைத் திருப்பிப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை, ஒவ்வொரு தாளும் என் கையால் போயிருந்தும்.

திரைக்கு அந்தப் பக்கம் வாப்பாவை இருக்கச் சொல்லிவிட்டு, தாள்களை ஒவ்வொன்றாகத் திரைக்குக் கீழால் தள்ளினேன். அவர் அவற்றை எடுத்துத் தானும் ஒருதரம் எண்ணிப் பார்த்தார். பிறகு பிழை தன்னுடையதுதான் என்று ஒப்புக்கொண்டார். ஆனால் ஞாயிற்றுக்கிழமைக்கென்று குர்ஆன் கத்தம் ஓத ஊருக்கெல்லாம் சொல்லியாகிவிட்டது. இப்போது போய்ச் செவ்வாய் என்றால், உத்தியோகத்துக்காக இத்தாவைக் குறுக்கிப் போட்டாள் என்று சனம் வாயில் போட்டு மெல்லும். வேலை இன்னொன்று வரும், பேர் போனால் வராது என்றார். பெரும்போக விதைப்பு முடியட்டும், ஆறுதலாகப் பார்க்கலாம் என்றும் சொன்னார்.

"ஊர் எண்ணினதுக்கா வாப்பா நான் இத்தா இரிக்கிற? அல்லாஹ் எண்ணினதுக்குத்தானே?" என்று கேட்டேன்.

என் குரல் அவ்வளவு உரத்து அந்த வீட்டில் அதுவரை கேட்டதில்லை. பள்ளிவாசல் ஆலிமிடம் கேட்டு வாருங்கள், அவர் ஞாயிறு என்று சொன்னால் நான் வாயைத் திறக்க மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றேன். வாப்பா சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அஸர் தொழுகைக்குப் போனார்.

பொழுது பட்டு மஃரிப் தொழுத பிறகுதான் வந்தார். ஆலிம் விரல் கணுக்களில் இரண்டு தரம் எண்ணினாராம். பிறைக்கணக்குத்தான் கணக்கு, செவ்வாய் மஃரிபோடு முடிகிறது, அதற்கு மேல் இருப்பதில் ஒரு நன்மையும் கூடப் போவதில்லை என்றாராம். வாப்பா திரும்பி நடக்கும்போது கூப்பிட்டு, மார்க்கத்துக்கு இவ்வளவுதான், ஆனால் மௌத்தான பிள்ளையைப் பெற்றவளிடம் முதலில் சொல்லிவிடுங்கள் என்று சொன்னாராம். அந்த மனிதருக்கு நான் இன்றைக்கும் துஆ செய்கிறேன், அந்த இரண்டாவது பேச்சுக்காகவும் சேர்த்து.

மாமி ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பின்னேரம் வருவார். கட்டிலுக்கு எதிரே கதிரையில் இருப்பார். எங்களுக்குள் பேச்சு அதிகமில்லை. நான் கலண்டர் தாளில் எழுதுவதை அவர் ஒரு மாதிரியாகப் பார்ப்பார். மகன் போய் இத்தனை நாள்கூட ஆகவில்லை, இவள் படிக்கிறாள் என்று நினைக்கிறார் என்றே நினைத்திருந்தேன். அந்த வெள்ளிக்கிழமையும் அவர் வந்தார். வாப்பாவிடம் பேசிய துணிச்சல் இவரிடம் வரவில்லை. அவர் வேண்டாம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் நான் போயிருக்க மாட்டேன், இதை இன்றைக்கும் உறுதியாகச் சொல்லுவேன்.

பிறைக்கணக்கையும் அம்பாறையையும் சொல்லி முடித்தேன். அவர் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கட்டிலில் கிடந்த தாள் ஒன்றை எடுத்துப் பின்பக்கத்தைத் திருப்பினார். அவருக்குத் தமிழே வாசிக்கத் தெரியாது.

"என்ன புள்ள இதுல எழுதுற நீ, நாளும் பொழுதும்?" என்று கேட்டார்.

அவர் கையில் இருந்தது எந்தச் சொல் என்று நான் பார்க்கவில்லை. என் தாளைத் தேடி எடுத்து, இது என் சான்றிதழில் இருக்கிற சொல், இதைக் கண்டுபிடிக்கத்தான் உங்கள் மகன் இந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்தார் என்றேன். என்ன அர்த்தம் என்று கேட்டார். விடாமல் பாடுபடுகிற ஆள் என்றேன். பிறகு, அதன் அடி அர்த்தம் பக்கத்தில் இருக்கிற ஆள் என்றும் சொன்னேன்.

மாமி அந்தத் தாளை மடியில் வைத்துத் தடவினார். முகம் கோணிக்கொண்டு வந்தது.

"அது நீதான் புள்ள. பதினொரு நாளும் என்ட மகன்ட பக்கத்துல நீ இரிந்தாய். பெத்தவள் நான் இரிக்கல்ல." மூச்சை எடுத்துக்கொண்டு மேலும் சொன்னார். "நீ போ. ஊர் என்னமும் கதைச்சா என்னட்ட வந்து கதைக்கட்டும்."

நான்கு மாதமாக அவர் என்னைப் பார்த்த பார்வைக்கு நான் வைத்திருந்த அர்த்தம் முழுப் பிழை. அவர் தன்னைத்தான் குறை சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறார். எனக்கு வெட்கமாகிப் போனது.

செவ்வாய் மஃரிபுக்குப் பிறகு உம்மா எனக்குத் தலைக்குத் தண்ணீர் வார்த்தார். வியாழன் காலை, முந்திய பெருநாளைக்கு அவர் கொண்டுவந்த சேலையை உடுத்திக்கொண்டு வாப்பாவோடு பஸ்ஸில் போய், காரைதீவுச் சந்தியில் இறங்கி அம்பாறை பஸ் ஏறினேன். நாலு மாதத்துக்குப் பிறகு பார்த்த வெயில் கண்ணைக் குத்தியது. புறப்படும்போது நிந்தவூர் நிறுத்தத்தில் நின்ற இரண்டு பெண்கள் என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்தியதைப் பார்த்தேன். தலையைக் குனியவில்லை.

நேர்முகப் பரீட்சையில் மூன்று பேர். நடுவில் இருந்த வயதானவர் சான்றிதழை வாசித்துவிட்டு, உங்கள் அதிபர் உங்களை அஸிடியுவஸ் என்கிறார், அந்தச் சொல்லின் அர்த்தம் தெரியுமா என்று ஆங்கிலத்தில் கேட்டார். அவர் கேட்ட தோரணையில், தெரியாது என்ற பதிலை எதிர்பார்த்தது தெரிந்தது. நான் அர்த்தத்தையும் சொன்னேன், இலத்தீன் வேரையும் சொன்னேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். அப்படி எவர் பக்கத்திலாவது இருந்திருக்கிறீர்களா என்று விளையாட்டாகக் கேட்டார். என் கணவருக்குப் பக்கத்தில் பதினொரு நாள், அவர் இல்லாமல் போன பிறகு நூற்று இருபத்தெட்டு நாள் என்றேன். என் ஆங்கிலம் அந்த இடத்தில் பிசகவில்லை. அதற்குப் பிறகு எவரும் விளையாட்டாகக் கேட்கவில்லை.

நியமனக் கடிதம் தை மாதம் வந்தது. சம்மாந்துறைக் கதை அதோடு அடங்கிவிட்டது. எண்பதுகளின் தொடக்கத்தில் ஆசிரியர் கலாசாலையில் இருந்தபோது இரண்டு விஷயம் அறிந்தேன். ஒன்று, பழைய ரோமாபுரியில் அதே சொல் நிலபுலத்தோடு ஓரிடத்தில் நிலைகொண்ட குடியானவனையும் குறித்ததாம். வாப்பாவுக்கு எழுதினேன், நீங்களும் ஒரு அஸிடியுவஸ் என்று. மற்றது, என்னோடு அதே பள்ளிக்கூடத்தில் படித்த ஒருத்தி அங்கே வந்திருந்தாள். அவளுடைய சான்றிதழிலும் அஸிடியுவஸ். எனக்கு முந்திய வருடத்துப் பிள்ளையின் சான்றிதழிலும் அதுவேதானாம். அதிபர் எல்லோருக்கும் ஒரே தாளைத்தான் அடித்திருக்கிறார். சுருக்கென்று குத்தியது. இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன். பிறகு, அவர் சும்மா தந்த சொல்தான், ஆனால் நான் அதைச் சும்மா வைத்திருக்கவில்லையே என்று தேற்றிக்கொண்டேன். பின்னாளில் நானே பிள்ளைகளுக்குச் சான்றிதழ் எழுதியபோது அந்தச் சொல்லை மிகக் கஞ்சத்தனமாகத்தான் பயன்படுத்தினேன்.

அந்த வியாழக்கிழமைக்கு வருகிறேன். பின்னேரம் வீட்டுக்கு வந்தேன். செருப்பைக் கழற்றி அறைக்குள் போனேன். திரையை உம்மா அவிழ்த்துவிட்டிருந்தார். அகராதி கட்டிலில் கிடந்தது, ஒட்டிய தாள் ஒன்றுகூட மிச்சமில்லை. இனி என் கைக்கு வேலை இல்லை. ஈர்க்கிலை எடுத்துப் பார்த்தேன், அதன் நுனி தேய்ந்து போயிருந்தது. அவர் ஆறுதலாகப் பிரிக்கலாம் என்று சொன்னது அப்போதுதான் காதில் கேட்டது. நாலு மாதமும் பத்து நாளும் தள்ளி வைத்திருந்த அழுகை அந்தப் பெருநாள் சேலையோடு வந்தது. நிறுத்த முடியாது என்று நான் பயந்தது சரிதான். வெள்ளியும் அழுதேன், சனியும் அழுதேன். இத்தாவுக்கு அது கணக்கில்லை, நன்மைக்கும் கணக்கில்லை. அவருக்காக மட்டும் அழுதேன்.

அந்த வியாழனே மஃரிபுக்கு முன்னால் மாமி வந்துவிட்டார். எப்போதும் இருக்கிற கதிரைக்குப் போகவில்லை. கட்டிலில் எனக்குப் பக்கத்தில் வந்து இருந்தார். என்ன நடந்தது, வேலை கிடைக்குமா என்று ஒன்றும் கேட்கவில்லை. வாப்பா சிவப்பு வட்டம் போட்ட ஞாயிற்றுக்கிழமை வரைக்கும், தொழுகைக்கும் சோற்றுக்கும் தவிர, மாமி அந்த இடத்தை விட்டு எழும்பவில்லை.